கைகாட்டி திரும்பிய நாள்

தவசிக்கனிக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்க வேண்டுமானால், அதற்கு முன் எதையாவது ஒன்றை எடுத்து ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். எழுந்ததும் காந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போவார். மூடி போட்ட தம்ளர்களின் பிடிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், அதைப் பிடித்துத் திருப்பி, "ஒழுங்கா நில்லு" என்று ஒரு புத்தியும் சொல்லுவார். பிறகு கணினியின் முன் அமர்ந்து, ஊரின் களஞ்சியத்தைத் திறப்பார். அங்கேதான் அவருடைய உண்மையான இன்பம் இருந்தது. தேதி மாறி நிற்கும் கோப்பு, தவறான அடுக்கில் புகுந்துகொண்ட பெட்டி, இரண்டு பெயரில் இருக்கும் ஒரே கணக்கு என்று ஏதாவது ஒன்று தினமும் அகப்படும். அதைச் சரிசெய்துவிட்டு எழுந்தால் காப்பி தேனாக இறங்கும்.

சென்ற வாரம் அப்படித்தான் ஒரு பெரிய வேலை செய்தார். வடகரை, தென்முனை, பனிவாசல் என்று வெளி நிலையங்களின் பெட்டிகள் களஞ்சியத்தின் முகப்பிலேயே சிதறிக் கிடந்தன. கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள்போல அவை அவர் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தன. 'நிலையங்கள்' என்று புதிதாக ஒரு பெரிய பெட்டியை உண்டாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் தூக்கி அடுக்கினார். முகப்பு துடைத்துவிட்டாற்போல ஆயிற்று. அன்றைக்குக் காப்பி இரண்டு தம்ளர் இறங்கியது.

அவருடைய ஊரின் பெயர் வெண்பாத்தி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிவரும் சீரிஸ் என்ற குட்டிக் கோளில், ஒரு பெரும் பள்ளத்தின் நடுவே அது இருந்தது. அங்கே தரைக்கடியிலிருந்து உவர்நீர் ஊறி வந்து உறைந்து, வெள்ளை வெளேரென்று உப்பாகப் பூத்துக் கிடந்தது. உப்பை அறிந்தவர்கள் வேண்டும் என்று தேடியபோது தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரர்கள் முன்வந்தார்கள். குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். கருப்பட்டி செய்யும் பக்குவத்தையும் தங்கள் பேச்சையும் எடுத்துச் சென்றார்கள். வெயிலை மட்டும் எடுத்துச் செல்ல முடியவில்லை. "அது ஒண்ணுதான் நமக்கு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

காற்றில்லாத இடத்தில் ஊர் அமைத்தால், ஒவ்வொருவரின் மூச்சுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். வெண்பாத்தியில் அந்தப் பொறுப்பைக் களஞ்சியம் ஏற்றிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பெட்டி. வீட்டுப் பெட்டிக்குள் ஆளுக்கொரு பெட்டி. அதில் அவரவர் வயது, எடை, மூச்சுப் பங்கு, சோற்றுப் பங்கு எல்லாம் இருக்கும். ஒருவர் வாசலில் வந்து நின்றால் கதவு களஞ்சியத்தைக் கேட்கும். ஆம் என்று பதில் வந்தால்தான் திறக்கும். பெட்டி இல்லாதவர் விருந்தாளி. விருந்தாளிகள் வெளிக்கூடத்தில் மூன்று நாள் தங்கி, நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே வரலாம்.

மணமாகி வேறு நிலையத்துக்குப் போகும் பிள்ளையின் பெட்டியும் கூடவே அங்கே போய்விடும். ஒருவருக்கு இரண்டு இடத்தில் பெட்டி வைத்தால் இரண்டு பேருக்கான காற்று ஓடும், ஊருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பிறந்த வீட்டில் பெயரே இல்லாமல் போவதை எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்? அதற்கு ஊரார் கண்ட வழிதான் கைகாட்டி. பெட்டி இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு கைகாட்டியை நட்டுவிடுவார்கள். அதற்குள் வேறொன்றும் இராது. பெட்டி இப்போது இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும் ஒரே வரியாக இருக்கும். கதவு வந்து கேட்டால், "நீ தேடுகிற ஆள் அதோ அங்கே" என்று காட்டும். கதவு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மணியடித்து, "நம் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது" என்று ஊர் முழுவதும் கேட்கச் சொல்லும். மணமேடையை விட்டு இறங்கியதும் பெண்ணின் தாய் களஞ்சிய அறைக்கு வந்து, தன் விரலாலேயே அந்தக் கைகாட்டியை நடுவது நாளடைவில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

வெண்பாத்தியில், மணமாகிப் போன பிள்ளைக்குக் கைகாட்டி நடாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது களஞ்சியக் காப்பாளர் தவசிக்கனியின் வீடு.

அவருக்கு ஒரே தங்கை, ராஜக்கனி. தாய் தந்தை இல்லாத பிறகு அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து களஞ்சியத்தைக் காத்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அவள் வடகரை நிலையத்து உப்புவண்டி ஓட்டுநன் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு, அங்கேயே காப்பாளர் வேலைக்கும் போய்விட்டாள். கல்யாணத்தில் தவசிக்கனிக்கு வருத்தமில்லை. பக்கத்து நாற்காலியைக் காலியாக்கிவிட்டுப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்ன சொல்லைக்கூட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற மனிதர் அவர்.

*

அன்று காலை வெண்பாத்தியின் பெருவாசலில் கூட்டமாக இருந்தது. இசக்கியம்மாளின் மகள் பூரணம் வடகரையிலிருந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். மறுநாள் வளைகாப்பு. தாயார் கண்ணாடி வளையல்களைத் தட்டில் கட்டி வைத்துக்கொண்டு, உள்கதவின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். கட்டி வைக்காவிட்டால், எடை குறைந்துபோகும் அந்த ஊரில், கை லேசாக அசைந்தாலே வளையல்கள் மெல்ல எழும்பி, தட்டை விட்டுப் புறப்பட்டுவிடும்.

உப்புவண்டி வந்து சேர்ந்தது. பூரணம் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளிக்கூடத்துக்குள் வந்தாள். வண்டி ஓட்டிவந்த சவரிமுத்து அவள் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். எல்லோரும் மணி அடிக்கக் காத்திருந்தார்கள்.

கதவு சற்று யோசித்தது. பிறகு அழகான தமிழில், "அப்படி ஒரு பெயரோ இடமோ இல்லை" என்றது.

பூரணம் சிரித்தாள். "கதவுக்குக் கூட என்ன அடையாளம் தெரியல பாத்தியளா மாமா. அவ்வளவுக்கா பெருத்துட்டேன்?"

சவரிமுத்து, "இன்னொரு தடவ சொல்லிப் பாரு தாயி" என்றான்.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கதவு, "அப்படி ஒரு பெயரோ இடமோ இல்லை. விருந்தாளியாகப் பதிந்துகொள்ளலாம். வெளிக்கூடத்தில் மூன்று நாள் தங்குவதற்கு வசதி உண்டு" என்றது.

இப்போது பூரணத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள், "என் மவளப் பாத்தா இல்லன்னு சொல்லுத? ஒன் நாக்குல இடி விழ!" என்று கதவைக் குத்தினாள். கதவுக்கு நாக்கும் இல்லை, வலியும் இல்லை.

"எம்மா, நீ அழாத" என்றாள் பூரணம். "நான் விருந்தாளியாப் பதிஞ்சு உள்ள வரமாட்டேன். பொறந்த வீட்டுல பேரு இருந்தா வாரேன். இல்லன்னா வண்டியில தண்ணி ரொப்புனதும் மாமா கூடத் திரும்பிப் போயிருதேன். பிள்ளைய அங்கனயே பெத்துக்கிடுதேன்."

பிடிவாதம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் அங்கிருந்த பெண்களில் ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. வண்டியின் தண்ணீர்த் தொட்டி நிரம்ப அதிக நேரம் ஆகாது. காப்பாளருக்கு ஆள் ஓடியது.

*

தவசிக்கனி வந்தார். வாசலில் சவரிமுத்து நிற்பதைப் பார்த்ததும், அவனுக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தார்.

"கும்பிடுதேன் மச்சான்" என்றான் சவரிமுத்து, ஒலிபெருக்கி வழியாக. எட்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவன் கும்பிடுவான். இவர் விளக்கைப் பார்ப்பார். "வெளக்கு நல்லாத்தான் எரியுது மச்சான். கதவுதான் மக்கர்."

தவசிக்கனி வாசலோரக் கணினியில் அமர்ந்து, இசக்கியம்மாளின் வீட்டுப் பெட்டியைத் திறந்தார். வரிசையாகப் பெயர்கள் வந்தன. பூரணம் என்ற பெயரும், கைகாட்டி என்பதற்குரிய அடையாளத்தோடு, இருந்தது.

"மைனி, இங்கன பாருங்க" என்றார் இசக்கியம்மாளிடம். "நீங்க நட்ட கைகாட்டி நட்ட மேனிக்கு நிக்கி. ஒரு இம்மி அசையல. நம்ம பக்கம் தப்பே இல்ல."

"அப்புறம் ஏன்யா இல்லன்னு சொல்லுது?"

"கைகாட்டின்னா என்ன? முக்குல நின்னு ஊரக் காட்டுத பலவ. பலவ நிக்கி. ஊரக் காணும். அப்பம் யாரு மேல தப்பு? ஊர்க்காரங்க மேல."

"ஊரு எங்கய்யா போவும்?" என்றாள் இசக்கியம்மாள். "ஊருக்கென்ன காலா இருக்கு?"

"வடகரையில பெட்டியத் தொலச்சிருப்பாங்க. அங்க காப்பாளரு லெச்சணம் அப்படி."

சொல்லிவிட்டு அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒழுங்கு தவறியவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஒலிபெருக்கியைப் போட்டார். அவருடைய குரல் வெண்பாத்தியின் எல்லாத் தெருக்களிலும், கம்பி வழியே வடகரை நிலையத்திலும் கேட்டது.

"ஓர் அறிவிப்பு. வடகரை நிலையக் காப்பாளரின் கவனக்குறைவால், நம் ஊர்ப் பெண் பூரணத்தின் பெட்டி தொலைந்துவிட்டது. வெண்பாத்திக் களஞ்சியத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

சவரிமுத்து முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினான். "மச்சான், என்ன எத்தன தடவ வேணும்னாலும் பாக்காமப் போங்க. அவளச் சொல்லாதீய. அவ ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னால ஒவ்வொரு பெட்டியும் மூடியிருக்கான்னு பாத்துட்டுப் போறவ."

அந்தப் பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தவசிக்கனியே. ஆனாலும் இறங்கி வரவில்லை. "நான் இப்பமே சரி பண்ணுதேன்" என்றார்.

அவர் செய்த வழி எளிதானது. கைகாட்டி எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்திலேயே, பூரணம் என்ற பெயரில் ஒரு புதிய பெட்டியை உண்டாக்கிவிட்டால் போயிற்று. பலகை காட்டும் இடத்தில் ஊர் இல்லையென்றால் ஊரையே கட்டிவிடுவது. விலாசத்தை வாசிக்கக்கூட வேண்டியதில்லை; கைகாட்டியிடம் சொன்னால் அது காட்டும் இடத்தில் களஞ்சியமே கட்டிவிடும். "இப்பம் போய் நில்லு தாயி" என்றார்.

பூரணம் போய் நின்றாள். கதவு உற்சாகமாக மணியடித்தது. "நம் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது. பெயர்: பூரணம். வயது: இல்லை. எடை: இல்லை. மூச்சுப் பங்கு: தேவையில்லை. உள்ளே வரலாம்."

பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "சித்தப்பா, என்ன ஆவியாக்கிட்டீயளே! மூச்சு வேண்டாமாமே எனக்கு!"

"ஏட்டி, உள்ள வந்துராத!" என்று அலறினாள் இசக்கியம்மாள். "ஒனக்குக் காத்து குடுக்க மாட்டாமுட்டி அது!"

எல்லோரும் சிரித்தார்கள். தவசிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்டாக்கியது வெறும் பெட்டி. பெயர் இருந்தது, ஆள் இல்லை. வெளியே தண்ணீர்த் தொட்டி முக்கால் நிரம்பிவிட்டதாக விளக்கு எரிந்தது.

வாசலில் நடந்ததெல்லாம் சவரிமுத்து கையோடு வைத்திருந்த வானொலி வழியே வடகரையிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது வாசலோரக் கணினியில் ஒரு குரல் வந்தது.

"அண்ணே."

எட்டு வருஷமாக அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. வடகரையிலிருந்து வரும் சொல்லெல்லாம் 'பிறகு பார்க்க' என்ற பெட்டிக்குள் தானாகவே போய் விழும்படி ஒழுங்கு செய்து வைத்திருந்தார். வாசலோரக் கணினிக்கு மட்டும் அந்த ஒழுங்கைச் செய்ய மறந்திருந்தார்.

"அண்ணே, என்ன ஏசுததுக்கு நெறைய நேரம் இருக்கு. தொட்டி ரொம்புறதுக்குள்ள பூரணத்த உள்ள விடணும். நான் கேக்கேன், நீ பதிலு சொல்லு. பூரணம் கைகாட்டி நிக்கின்னு சொன்னியே. அது எங்க காட்டுதுன்னு வாசிச்சியா?"

தவசிக்கனி அதை வாசிக்கவில்லை. வரிசையில் பெயரைப் பார்த்தார். நேராக நின்றது. அவருக்கு நேராக நிற்பது போதும்.

"வாசி அண்ணே."

வாசித்தார். "முகப்பு... அதுக்குள்ள வடகரை... அதுக்குள்ள பூரணம்."

"இப்பம் நீ புதுசாச் செஞ்ச வெறும் பெட்டிய விட்டுரு. அத விட்டா, முகப்புல வடகரைன்னு ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"போன வாரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரு எடுத்தா அண்ணே?"

கண்ணாடி வழியே எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, ஊருக்குக் கால் மொளச்சிருச்சோ?"

"இல்ல மைனி" என்றார் தவசிக்கனி. "நான்தான் ஊரத் தூக்கி வேற எடத்துல வச்சேன். அழகா இருக்கட்டும்னு."

பெட்டி தொலையவே இல்லை. 'நிலையங்கள்' என்ற பெரிய பெட்டிக்குள், அதற்குள் வடகரையில், பூரணம் வயதும் எடையும் மூச்சுப் பங்குமாகப் பத்திரமாக இருந்தாள். கைகாட்டியோ பழைய திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. ஊரை நகர்த்துகிறவர் பலகையிடம் சொல்லிவிட்டு நகர்த்துவதில்லை. பலகையும் யாரையும் கூப்பிட்டு, "ஐயா, நான் வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்" என்று முறையிடுவதில்லை. யாராவது அதை நம்பி நடந்துவந்து ஏமாறும் வரைக்கும் அது விறைப்பாகத்தான் நிற்கும்.

"திரும்பப் பழைய எடத்துலயே தூக்கி வச்சிருதேன்" என்றார் பதற்றமாக.

"வைக்காத! ஒரு வாரமா எத்தனையோ வேல புது எடத்த நம்பி ஓடிக்கிட்டிருக்கு. இத நேராக்கப் போயி அதக் கோணலாக்கிருவ. பெட்டிகளத் தொடாத. கைகாட்டியத் திருப்பு. மொதல்ல அந்த வெறும் பெட்டியத் தூர எறி."

எறிந்தார்.

"பழைய கைகாட்டியப் பிடுங்கு. பலவைய மட்டும் பிடுங்கு அண்ணே, அது காட்டுத பெட்டியோட சேத்துப் பிடுங்கிராத. ஒனக்குத் தெரியாததா... இருந்தாலும் சொல்லுதேன்."

"சொல்லு, சொல்லு" என்றார். எட்டு வருஷத்துக்குப் பிறகு பக்கத்து நாற்காலியில் யாரோ அமர்ந்திருப்பதுபோல இருந்தது.

"அதே பேருல புதுசு நடு. விலாசத்த வாய்விட்டு வாசிச்சுக்கிட்டே அடி."

"முகப்பு... நிலையங்கள்... வடகரை... பூரணம்." கடைசி எழுத்தில் நிறுத்தினார். "மைனி, இங்க வாங்க. இத நடுததுக்கு ஒங்க விரலு வேணும்."

இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

பூரணம் கதவின் முன் போய் நின்றாள். கதவு கேட்டது, கைகாட்டி காட்டியது, கதவு போய்ப் பார்த்தது. தூரத்தில் ஊர் மணி கணீரென்று அடித்தது.

"நம் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது. பெயர்: பூரணம். மூச்சுப் பங்கு: இரண்டு."

கதவு திறந்தது. இசக்கியம்மாள் வளையல் தட்டைப் போட்டுவிட்டு ஓட, கட்டு அவிழ்ந்து சிவப்பும் பச்சையுமாக வளையல்கள் கூடம் முழுவதும் மெல்ல மிதந்தன. ஆளாளுக்குத் தாவித் தாவிப் பிடித்தார்கள். பூரணம் தன் தலைக்கு மேல் வந்த ஒன்றைக் கையை நீட்டி நேரே மணிக்கட்டில் வாங்கிக்கொண்டாள். "இதுக்குப் பேருதான் வளைகாப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

*

கூட்டம் கலைந்த பிறகும் தவசிக்கனி எழுந்திருக்கவில்லை. பூரணம் ஒருத்தியோடு இது முடியாது என்று அவருக்குத் தெரியும். ஊரில் மணமாகிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ, அத்தனை கைகாட்டிகளும் வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு நின்றன. இன்னொருத்தி நாளை வரலாம். வந்து அதே சொல்லைக் கேட்கலாம். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். வடகரையிலிருந்து ராஜக்கனி ஒவ்வொன்றாக நடந்து பார்த்து, "சரி... சரி... இது சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடுவே அவர் கேட்டார். "ராஜி, நான்தான் தூக்கி வச்சேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? முகப்புல யாரு என்ன மாத்துனாங்கன்னு நீ பாக்க முடியாதே. ஒனக்கு அதுக்கு அனுமதி கெடையாதுல்ல."

அவள் இன்னொரு கைகாட்டியைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க வீட்டுப் பெட்டியில ஒரு கைகாட்டி இருக்கு அண்ணே. ஒன் பேருல. நான் இங்க வந்த அன்னைக்கே நட்டது. நீ என்னைக்காவது வந்தா எங்க வீட்டுக் கதவு ஒன்ன இல்லன்னு சொல்லிரக் கூடாதுன்னு."

தவசிக்கனியின் கை அப்படியே நின்றது.

"நீ காலையில எதையாவது அடுக்குவ. அது கோணிக்கிரும். நான் காலையில எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பேன். திருப்பி வச்சிட்டுத்தான் காப்பி குடிப்பேன். போன வாரம் எங்க நிலையத்தையே நீ தூக்கி வச்சதுல, இங்கேருந்து ஒன் வீட்டுக்கு வழி மாறிப்போச்சு. அப்பமும் திருப்புனேன். ஒங்க ஊர்க் கைகாட்டி எல்லாம் கோணிருக்குமேன்னு அன்னைக்கே சொல்லி அனுப்புனேன். ஒனக்கு வந்து சேரல போலருக்கு."

'பிறகு பார்க்க' என்ற பெட்டி அவருக்கு நினைவு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வருஷமாகத் தாம் ஒவ்வொரு காலையும் எதையாவது நகர்த்திவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்ததையும், அங்கே ஒருத்தி ஒவ்வொரு காலையும் அவர் நகர்ந்த திசைக்குப் பலகையைத் திருப்பிவிட்டுக் குடித்ததையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்.

பிறகு ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஓர் அறிவிப்பு. காலையில் சொன்ன அறிவிப்பு தவறானது. பூரணத்தின் பெட்டி தொலையவில்லை. காப்பாளரின் கவனக்குறைவால்தான் அவள் வாசலில் நிற்க நேர்ந்தது. அந்தக் காப்பாளர் வெண்பாத்திக்காரர், அதாவது நான்." இதுவரை எழுத்துத் தமிழில் ஒழுங்காக வந்த குரல் அதற்குமேல் வரவில்லை. "வடகரைக் காப்பாளர் மேல ஒரு தப்பும் இல்ல. அவ... அவ என் தங்கச்சி. பூரணம் தாயி, இசக்கி மைனி, என்ன மன்னிச்சிருங்க. சவரிமுத்து மாப்பிள்ள, வண்டிய எடுத்துராதீய. ஒரு நிமிசம் நில்லுங்க."

சவரிமுத்து வண்டியிலிருந்து இறங்கியே வந்துவிட்டான். "என்ன மச்சான், வெளக்கு அணஞ்சுபோச்சா? என்னயப் பாக்கீய?"

"பாக்கேன்" என்றார் தவசிக்கனி. "ஒங்களுக்கு நரச்சிருச்சே மாப்பிள்ள."

"ஒங்களுக்குந்தான். நாளைக்கு வளைகாப்புக்கு அவளக் கூட்டிட்டு வரட்டா?"

"அதச் சொல்லத்தான் நிக்கச் சொன்னேன்."

அவன் போன பிறகு தம் வீட்டுப் பெட்டியைத் திறந்தார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவ்வளவு ஒழுங்கான பெட்டி ஊரிலேயே கிடையாது. எட்டு வருஷமாக அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறார். இப்போது அது துடைத்துவிட்ட வெறும் தட்டுபோலத் தெரிந்தது. விலாசத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டே அடித்தார். முகப்பு, நிலையங்கள், வடகரை, ராஜக்கனி. நடுவதற்குத் தாயின் விரல் வேண்டும், தாய் இல்லை. தம் விரலாலேயே தட்டினார்.

கம்பியில், "அண்ணே, நட்டுட்டியா? நான் இங்கேருந்து சரி பாக்கட்டா?" என்ற குரல் கேட்டது.

"வேண்டாம்" என்றார். "நீ நடந்து வந்து பாரு."

*

மறுநாள் காலை அவர் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார். வாசலுக்குப் போய்க் கதவைத் தாமே திறந்துவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை. கதவு சொல்ல வேண்டும். ஊர் கேட்க வேண்டும்.

காப்பாளர் வீட்டுக்கு வெளிக்கூடத்திலிருந்தே தனிக் கதவு உண்டு; அதற்கு வெளியே காந்தச் செருப்பின் ஓசை வந்து நின்றது. கதவு யோசித்தது. அந்தச் சிறு நேரத்துக்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு அந்த வீட்டில் அதுவரை ஒருமுறைகூட அடிக்காத மணி அடித்தது.

"நம் வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது."

வளைகாப்புப் பந்தலிலிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. பூரணத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, "அத்த, மூச்சுப் பங்கு எத்தனன்னு கேளுங்க!" என்று கத்தியது.

ராஜக்கனி உள்ளே வந்தாள். அவள் அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். வரிசையாக நின்ற தம்ளர்களைப் பார்த்தாள். சிறுவயதுக் குறும்பு அவள் கண்ணில் எட்டிப் பார்த்தது. நடுவில் நின்ற ஒன்றின் பிடியை மட்டும் மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

தவசிக்கனியின் கை தானாகவே நீண்டது. பாதி வழியில் நின்றது.

"ராஜி" என்றார், "இத நான் திருப்பலாமா? இல்ல, இதப் பாத்து யாரும் வழி கேட்டுக்கிட்டிருக்காங்களா?"

அவள் சிரித்தாள், கூடவே அழுதாள். "இருக்கட்டும் அண்ணே. எனக்கு அதுல காப்பி ஊத்து."

ஊற்றினார். தமக்கும் ஊற்றிக்கொண்டார். எதையும் ஒழுங்கு செய்யாமலே காப்பி இறங்கிய முதல் நாள் அது என்று அவர் பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வதுண்டு. இசக்கியம்மாள் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"பொய் சொல்லாதீய தம்பி" என்பாள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு. "எட்டு வருசமாக் கோணலாக் கெடந்த ஒண்ண அன்னைக்குத்தானே நேராக்குனீய."